ஓரக்கல்

மூன்றாவது கல்லையும் சின்னவன் கடப்பாரை நுனியால் நெம்பி எடுத்தான். கலவை இன்னும் இறுகவில்லை. சப்பென்ற சத்தத்தோடு கல் விட்டு வந்தது. அதைப் புல்மேல் கிடத்திவிட்டு, பள்ளத்தில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் சுரண்டி எறிந்தான். புதிதாக ஒரு கை கலவை போட்டுத் தடவிக் கல்லைத் திரும்ப நிறுத்தி, ரப்பர் சுத்தியலால் தட்டினான். தட்டவேண்டியதற்கு மேலேயே தட்டினான். ஒவ்வொரு தட்டும் அண்ணன் காதில் விழட்டும் என்றுதான்.

ஆறடி தள்ளி மண்டியிட்டிருந்த அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையை இரண்டு முறை உதறினார். கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

மூன்று கல்லுமே நூலை விட்டு வெளியே தள்ளியிருந்தன. ஒன்று முன்பக்கமாகச் சாய்ந்து நின்றது. இருபத்திரண்டு வருடமாக அண்ணனும் தம்பியும் வீட்டுத் தோட்டங்களில் நடைபாதை போடுகிறார்கள். இரண்டு பக்கமும் ஓரக்கல்லை வரிசையாக நிறுத்தி, நடுவில் பேவர் கல் பதிக்கும் வேலை. ஓரம் நின்றால்தான் நடு நிற்கும். இல்லாவிட்டால் இரண்டு மழையில் எல்லாம் விலகிப் போய்விடும். அதனால் ஓரக்கல் எப்போதும் அண்ணன் வேலை. மட்டம் பார்க்காமலே கல்லை வைப்பார். அப்புறம் ரசமட்டத்தை மேலே வைத்தால் குமிழி சமர்த்தாக நடுவில் வந்து உட்காரும். அண்ணன் வைத்த கல்லைச் சின்னவன் இதுவரை பிடுங்கியதில்லை. பிடுங்க வேண்டி வந்ததும் இல்லை.

அந்தக் கை இன்று காலையிலிருந்து கோணலாக வைக்கிறது என்றால் வேண்டுமென்றேதான் வைக்கிறது. சின்னவன் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். போகிறவன்தானே நீ, போவதற்கு முன்னால் இதையும் நிமிர்த்திவிட்டுப் போ என்று அண்ணன் சொல்லாமல் சொல்வதாக.

இருவரும் பேசிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

ஒரு கட்டடக் கம்பெனியில் சின்னவனுக்கு மேற்பார்வையாளர் வேலை கிடைத்திருந்தது. நாற்பத்தாறு வயதில் முதல் முறையாக நாற்காலி போட்டு உட்காரும் வேலை. முதுகு போய்விட்டது என்று மனைவி இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு மாதம் தள்ளிப்போட்டான். அதற்குள் கல் லாரி டிரைவர் முந்திக்கொண்டார். இதே தோட்டத்தில், சுமை இறக்கிக்கொண்டே, "பெரியவரே, தம்பி கம்பெனிக்குப் போறாராமே, இனிமே தனி ராஜ்ஜியம்தான் உங்களுக்கு" என்று சிரித்தார்.

அண்ணன் சிரிக்கவில்லை. லாரி போகும்வரை காத்திருந்தார். "ஊருக்கெல்லாம் தெரிஞ்சு கடைசியா எனக்குத் தெரியணும்," என்றார். "சரி. இந்த வேலை முடியுற வரைக்கும் வா. அதுக்கப்புறம் நீ யாரோ நான் யாரோ."

அதுதான் கடைசி.

பேச்சு நின்றதே தவிர வேலை நிற்கவில்லை. ஒருவர் நூலின் ஒரு முனையை எடுத்தால் மற்றவர் மறுமுனையை எடுத்தார். கல்லை வெட்டும் மெஷினை ஒருவர் பிடித்தால் மற்றவர் தண்ணீர் ஊற்றினார். ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் வீட்டுக்காரம்மா இருந்தார். முப்பத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர், தனியாக இருப்பவர். டீச்சர் என்றுதான் இருவரும் கூப்பிட்டார்கள்.

"டீச்சர், அவர்கிட்ட சொல்லுங்க, வளைவுக்குச் சின்னக் கல்லா வெட்டணும்னு."

"டீச்சர், அவன் சொல்லி எனக்குத் தெரிய வேண்டியதில்லன்னு சொல்லுங்க."

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு முழம் இடமில்ல. நான் எங்க நின்னு சொல்றது?" என்பார் டீச்சர். "நாலாம் கிளாஸ் பசங்ககூட சாப்பாட்டு மணி அடிக்கறதுக்குள்ள சேந்துடுவாங்க. உங்களுக்கு எத்தன மணி அடிக்கணும்?"

அண்ணன் அதற்கு மீசைக்குள் சிரித்தார். சின்னவன் அதைப் பார்த்தான். பார்க்காத மாதிரி இருந்துவிட்டான்.

இப்போது பத்து மணி தாண்டியிருந்தது. சின்னவன் மூன்று கல்லையும் நிமிர்த்திவிட்டு, மட்டத்தை அவற்றின்மேல் வேண்டுமென்றே நீளமாக வைத்துக் காட்டினான். அண்ணன் இன்னொரு கல்லைத் தூக்கினார். தூக்கிய விதம் புதிதாக இருந்தது. குழந்தையை அணைப்பதுபோல மார்போடு சேர்த்துத் தூக்கி, பள்ளத்தில் வைத்தார். வைத்ததும் எழுந்தார். நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தண்ணீர்த் தொட்டி நிழலுக்கு நடந்து போய், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, தொப்பியை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

வீம்பு, என்று நினைத்தான் சின்னவன். உட்காரட்டும்.

அவன் பாட்டுக்கு எதிர்ப்பக்க வரிசையைத் தொடங்கினான். நூலை ஒற்றை ஆளாகக் கட்டினான். மண்ணை இடித்தான். ஒரு கல், இன்னொரு கல். நாலாவது கல்லோ ஐந்தாவதோ வைக்கும்போது தொட்டிப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. தொண்டையைச் செருமுவது மாதிரி. கூப்பிடுவது மாதிரியும் இருந்தது. சின்னவன் சுத்தியலை அந்தரத்தில் நிறுத்தினான். பேர் சொல்லிக் கூப்பிடட்டும், என்று நினைத்தான். பன்னிரண்டு நாளாக இல்லாத வாய், பேர் சொல்லியே கூப்பிடட்டும். காத்திருந்தான். பேர் வரவில்லை. சுத்தியலை இறக்கினான்.

டீச்சர் டீ கொண்டுவந்தபோது அவன் பதினோரு கல் வைத்திருந்தான்.

டீ எப்போதும் பதினொன்றேகாலுக்குத்தான் வரும். பள்ளிக்கூட மணி இன்னும் டீச்சர் உடம்புக்குள் அடித்துக்கொண்டிருந்தது. அவன் தம்ளரைச் சுவர்மேல் வைத்துவிட்டு, இன்னொன்றோடு தொட்டிப் பக்கம் போனார்.

"பெரியவரே, டீ."

பிறகு, "பெரியவரே."

பிறகு, "சின்னவரே, இங்க வாங்க."

"தூங்குறாருன்னா எழுப்பிவிடுங்க டீச்சர்," என்றான், தலையைத் தூக்காமல்.

"இங்க வாங்கன்னேன்."

அந்தக் குரலுக்கு ஒரு வகுப்பறையே எழுந்து நின்றிருக்கும். அவன் ஓடினான். டீச்சர் தொப்பியை எடுத்திருந்தார். அண்ணன் கண் பாதி திறந்திருந்தது. கன்னத்தில் ஓர் எறும்பு ஏறி, மீசைக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியே வந்தது. அண்ணன் அதைத் தட்டிவிடவில்லை.

"அண்ணே," என்றான் சின்னவன். தோளைப் பிடித்து உலுக்கினான். "அண்ணே. அண்ணே."

*

பக்கத்து வீட்டுக் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் அவன் அண்ணனின் நெஞ்சை அமுக்கிக்கொண்டே வந்தான். எப்படி அமுக்குவது என்று அவனுக்குத் தெரியாது. மண்ணை இறுக்குகிற மாதிரி அமுக்கினான்.

அவசரப் பிரிவு டாக்டருக்கு அவன் மகள் வயதுதான் இருக்கும். கழுத்தில் விரல் வைத்தாள், கண்ணில் விளக்கடித்தாள், ஈ.சி.ஜி. பட்டை ஒன்றை ஓடவிட்டுப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் கழற்றினாள்.

"எப்ப இப்படி ஆச்சு?"

"இப்பதாம்மா. இப்பதான் பாத்தோம்."

"இப்ப இல்லீங்க. ஒரு மணி நேரத்துக்கு மேலயே ஆயிருக்கும்போல." பேனாவை எடுத்தாள். "காலைல இருந்து ஏதாவது சொன்னாரா? கை மரத்துப்போகுது, நெஞ்சு அடைக்குது, அப்படி?"

"இல்ல."

"பக்கத்துல யாரும் இல்லையா?"

"நான் இருந்தேன்," என்றான்.

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டாள்.

அண்ணி வந்தபோது கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தாள். மயங்கி விழுந்துவிட்டார் என்றுதான் போனில் சொல்லியிருந்தான். அவன் நின்ற நிலையைப் பார்த்ததும் அவள் நடை மெதுவாகிவிட்டது. எதுவும் கேட்காமல் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அழுகைச் சத்தம் வரும் என்று சின்னவன் வெளியே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே எட்டிப் பார்த்து, "ஒரு துணிய நனைச்சுக் குடுக்கச் சொல்லுப்பா," என்றாள்.

நர்ஸ் கொடுத்த ஈரத்துணியால் அண்ணனின் கையைத் துடைத்தாள். விரல் விரலாக. நகக்கண்ணில் அடைத்திருந்த சிமெண்ட் வரவில்லை. தன் நகத்தால் சுரண்டினாள்.

"தினம் சொல்லுவேன், தேங்காய் நார் போட்டுத் தேச்சுக் கழுவிட்டு வாங்கன்னு," என்றாள். "கேட்டாத்தானே."

சின்னவன் கட்டிலின் கால்பக்கம் நின்றான். அவனுக்கு ஒன்பது வயதில் அம்மா போய்விட்டாள். அண்ணிதான் அவனுக்குப் பதினாறு வயதிலிருந்து சோறு போட்டவள். அவனுக்குக் கல்யாணம் ஆகி வேறு வீடு பார்த்துப் போகும்வரை ஒரே அடுப்பு.

"தம்பி."

"சொல்லுங்க அண்ணி."

"கடைசியா உன்கிட்ட என்ன சொன்னாரு?"

வெளியே யாரோ தள்ளுவண்டி ஒன்றை உருட்டிக்கொண்டு போனார்கள். அதன் ஒரு சக்கரம் கீச்சிட்டுக்கொண்டே நெடுந்தூரம் போனது.

"தண்ணி குடிச்சியாடான்னு கேட்டாரு," என்றான்.

அண்ணி துடைப்பதை நிறுத்தினாள். "பேசிட்டாரா?"

"ம்."

"எப்ப?"

"டீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. வெயில் ஜாஸ்தியா இருக்கேன்னு... தண்ணி குடிச்சியாடான்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"குடிச்சேன்னேன்."

"அவரு குடிச்சாரா?"

இதை அவன் யோசித்திருக்கவில்லை. "குடிச்சாரு," என்றான்.

அண்ணியின் முகம் அப்போதுதான் உடைந்தது. "நேத்து ராத்திரிகூட சொன்னேன். நீங்க மூத்தவரு, நீங்களே வாயத் தொறந்தா என்ன கொறஞ்சா போயிடுவீங்கன்னு. பாக்கலாம், பாக்கலாம்னாரு." ஈரத்துணியை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். "பேசிட்டாரு. பேசிட்டுத்தான் போயிருக்காரு."

*

மறுநாள் காலைக்குள் அந்தத் தண்ணீர் வீடு முழுக்கப் பரவிவிட்டது.

யார் வந்தாலும் அண்ணி அதைச் சொன்னாள். நேற்றுக் காலையில் எழுந்தவர், வேலைக்குப் போனவர், உட்கார்ந்தவர் எழவில்லை என்று சொல்லிவிட்டு, "அந்த வெயில்லயும் தம்பி தண்ணி குடிச்சானான்னு கேட்டிருக்காரு," என்று முடித்தாள். அங்கே வந்தவுடன் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, வாசலில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த சின்னவனிடம் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அப்பா ஸ்தானத்துல இருந்து பாத்துக்கிட்டாரு உங்கள."

"கடைசி நிமிஷத்துலகூட உன் நெனப்புதான் பாரு."

மத்தியானத்துக்குள் கதை வளர்ந்துவிட்டது. அண்ணனே எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததாக ஒருவர் சொன்னார். கொடுத்துவிட்டு, போய் நல்லா இரு என்று முதுகில் தட்டியதாக இன்னொருவர். சின்னவன் மறுக்கவில்லை. மறுக்க ஆரம்பித்தால் எந்த இடத்தில் நிறுத்துவது?

அவன் மனைவி ஒரு முறை பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள். "எப்பங்க பேசினாரு? எனக்குச் சொல்லவே இல்லையே."

"காலைலதான்."

"நீங்களும் நல்லபடியா பேசினீங்கல்ல?"

"பேசினேன்."

லாரி டிரைவர் வந்தார். கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். "என் வாயில மண்ணப் போட. நான் சும்மா இருந்திருந்தா ரெண்டு பேரும் சிரிச்சிட்டு இருந்திருப்பீங்க. பன்னெண்டு நாளா தூக்கமில்ல எனக்கு. நல்ல வேள, பேசிட்டாராமே. என் வயித்துல பால வார்த்தாரு மகராசன்." சின்னவன் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தான். கொடுத்துக்கொண்டே இருந்தான்.

தூக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் டீச்சர் வந்தார். வெள்ளைப் புடவை, கையில் குடை. நேராக அண்ணி பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். அந்த வயதில் தரையில் உட்கார்ந்து எழுவது சுலபமில்லை. அண்ணி அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

"உங்க வீட்லதான் டீச்சர், கடைசியா தம்பிகிட்ட பேசியிருக்காரு. தண்ணி குடிச்சியாடான்னு கேட்டாராம். உங்க காதுல விழுந்துச்சா டீச்சர்?"

சின்னவன் கதவோரம் நின்றிருந்தான். டீச்சர் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார். நேற்றுக் காலை பத்து மணிக்கும் ஜன்னலிலிருந்து அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்; கல்லைப் பிடுங்கும்போது திரை அசைந்ததை அவன் கண்டிருந்தான். டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். புடவைத் தலைப்பால் துடைத்தார். ஒரு பக்கம் துடைத்து, மறுபக்கமும் துடைத்தார்.

"நான் அடுக்களையில இருந்தேம்மா," என்றார். "எனக்கு ஒண்ணும் கேக்கல."

இடுகாட்டில் குழியை ஒழுங்காக வெட்டியிருந்தார்கள். நாலு பக்கமும் செங்குத்தாக, மூலை பிசகாமல். வெட்டிய ஆள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தள்ளி நின்றான். அண்ணன் பார்த்திருந்தால் அவனிடம் போய், யாருகிட்டய்யா வேலை கத்துக்கிட்ட என்று கேட்டிருப்பார். சின்னவன் மண்ணை அள்ளிப் போட்டான். கையைத் தட்டிவிட்டுக்கொண்டு எல்லோரும் திரும்பிய பிறகும், விளிம்பில் சரிந்திருந்த மண்ணைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தான். மனைவி வந்து முழங்கையைப் பிடித்து அழைத்துப்போனாள்.

*

நாலாம் நாள் வானம் மூடிக்கொண்டு வந்தது. டீச்சர் வீட்டுத் தோட்டத்தில் பள்ளம் திறந்தே கிடந்தது. மழை இறங்கினால் படுக்கை முழுவதும் கரைந்துவிடும். சின்னவன் விடிந்ததும் போய்விட்டான்.

கலவை குழைத்தான். நின்றிருந்த கற்களின் முதுகில் கலவையைச் சரித்துப் பூசிக்கொண்டே வந்தான். பிறகு அந்தக் கல்லுக்கு வந்தான். அண்ணன் மார்போடு அணைத்துக் கொண்டுபோய் வைத்தது. மட்டத்தை மேலே வைத்தான். குமிழி ஓரத்துக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. தலைப்பக்கம் முக்கால் அங்குலம் ஏறி, பாதைக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. இப்படியே விட்டால் பக்கத்தில் பேவர் கல் உட்காராது.

மட்டத்தை எடுத்துவிட்டு அதன் எதிரே உட்கார்ந்தான். தூரத்தில் எங்கேயோ இடித்தது.

கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பினான். அசையவில்லை. நாலு நாளில் கலவை கல்லாகிவிட்டிருந்தது. உளியை வைத்து ஒரு தட்டு, இரண்டு தட்டு. மூன்றாவது தட்டுக்குக் கல் நடுவில் விண்டு இரண்டாகப் போனது. இரண்டு துண்டையும் எடுத்து உடைசல் குவியலில் போட்டான்.

அடியில் படுக்கை தெரிந்தது. காய்ந்த கலவையில் நாலு விரல் பதிந்திருந்தது. கல்லை வைக்கும் முன் கலவையை அமர்த்திய வலது கை. இடது கை பட வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. கலவை போட்டது போட்டபடி மேடாகவே காய்ந்திருந்தது. மேடு அங்கேதான் இருந்தது. கல் அதனால்தான் ஏறியிருந்தது.

கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தன் விரல்களை அந்தத் தடத்தில் வைத்துப் பார்த்தான். மழையின் முதல் சொட்டு மணிக்கட்டில் விழுந்தது. மேட்டை உளியால் கொத்தி எடுத்தான். ஈரக் கலவையை ஒரு கரண்டி அள்ளி விரல் தடத்தின் மேலேயே போட்டுத் தடவி, புதுக் கல்லை வைத்துத் தட்டினான். மட்டம் பார்த்தான். சரியாக இருந்தது.

டீச்சர் ஜன்னலில் நின்றிருந்தார். பதினொன்றேகாலுக்கு ஒரு தம்ளர் டீ வந்தது. சுவர்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

*

பொழுது சாயும் நேரத்தில் அண்ணி வீட்டுக்குப் போனான். அண்ணனின் துணிப்பையும் செருப்பும் டீச்சர் வீட்டிலேயே இருந்தன. அவற்றைக் கொண்டுவந்திருந்தான். செருப்பைப் படியோரம் வைத்துவிட்டு, தன் செருப்பையும் கழற்றிவிட்டுப் பையோடு உள்ளே போனான்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டிருந்தார்கள். மழைக்காகச் சாத்திய கதவும் ஜன்னலும் இன்னும் சாத்தியே இருந்தன. அண்ணி தையல் மெஷின் முன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தைக்கவில்லை. அண்ணனின் மகள் தரையில் கால் நீட்டி, மடியில் அட்டை வைத்து, இறப்புப் பதிவுக்கான படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். கல்லூரியில் படிக்கிற பெண். எழுத்து மணி மணியாக இருக்கும்.

"உக்காருப்பா," என்றாள் அண்ணி. "முடிஞ்சுதா அங்க?"

"ஒரு பக்கம் முடிஞ்சுது. இன்னும் ரெண்டு நாள் ஆகும்."

"கம்பெனிக்கு என்னைக்குப் போகணும்?"

"ஒண்ணாம் தேதி."

"போயிடு. இத மனசுல வெச்சுக்கிட்டுப் போகாம இருந்துடாத. அவரே பேசிட்டாரு, அப்புறம் என்ன?"

சின்னவன் தரையைப் பார்த்தான்.

"சித்தப்பா, அப்பா பொறந்த இடம் எழுதணும். பாட்டி வீடா, இல்ல ஆஸ்பத்திரியா?"

சொன்னான். அவள் எழுதினாள். அப்பாவின் தொழில் என்ற இடத்தில் பேனா நின்றது. கல் பதிப்பவர் என்று அவளே எழுதிக்கொண்டாள். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பிரித்தாள்.

"இறந்த நேரம்," என்று படித்தாள். "இதுல, 'கொண்டுவரும்போதே உயிர் இல்லை'ன்னு போட்டு, 'உத்தேசமாகப் பத்தரை மணி'ன்னு எழுதியிருக்காங்க. அதையே போட்டுடவா?"

மெஷின் மேல் நூல்கண்டு ஒன்று இருந்தது. அண்ணி அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"பத்தரையா?"

"அப்படித்தாம்மா இருக்கு."

"டீச்சர் வீட்ல டீ எத்தன மணிக்குக் குடுப்பாங்க?"

மகளைப் பார்த்துத்தான் கேட்டாள். மகளுக்கு அது எப்படித் தெரியும்? அவள் சித்தப்பாவைப் பார்த்தாள்.

"பதினொண்ணேகாலுக்கு," என்றான் சின்னவன்.

அண்ணி நூல்கண்டின் முனையைத் தேடினாள். கிடைத்ததும் ஒரு சுற்று இழுத்தாள், திரும்பச் சுற்றினாள். அவள் உதடு மட்டும் லேசாக அசைந்தது. கணக்குப் போடும்போது அப்படித்தான் அசையும். பதினாறு வயதிலிருந்து அவன் பார்த்துவருகிற உதடு.

அண்ணி, என்று சொல்ல வாயைத் திறந்தான். அந்தச் செருமலைச் சொல்லிவிடலாம். பேர் சொல்லிக் கூப்பிடட்டும் என்று காத்திருந்ததைச் சொல்லிவிடலாம். பதினோரு கல்லைச் சொல்லிவிடலாம். அவள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"அம்மா, என்ன நேரம் போட?" என்றாள் மகள்.

"பத்தரைன்னு போடு."

பேனா கீறும் சத்தம் கேட்டது. அண்ணி நூல்கண்டை மெஷின் மேல் வைத்தாள். எழுந்து போய் வாசல் கதவின் தாழ்ப்பாளை நீக்கி, கதவை விரியத் திறந்தாள். மழை விட்டிருந்தது. ஈரக்காற்று உள்ளே வந்து படிவத்தின் ஓரத்தைத் தூக்கியது. மகள் உள்ளங்கையால் அதை அமுக்கிக்கொண்டாள். அண்ணி கதவைப் பிடித்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

காற்றுக்காகத் திறந்தாளா என்று சின்னவனுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். அவள் திரும்பவில்லை. எழுந்தான்.

"வரேன் அண்ணி."

அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

படியில் செருப்புகள் நனைந்து கிடந்தன. இரண்டு ஜோடியும் ஒரே கறுப்பு ரப்பர், ஒரே அளவு, இரண்டிலும் அதே சாம்பல் நிறச் சிமெண்ட். ஒன்றில் காலை விட்டான். எடுத்துவிட்டான். வெறுங்காலோடு தெருவில் இறங்கி நடந்தான். பின்னால் கதவு சாத்தும் சத்தம் வரும் வரும் என்று தெருமுனை வரைக்கும் காதைக் கொடுத்துக்கொண்டே போனான். வரவில்லை.